முதலில் திறந்தவர் பெயர்

“ஒரே வாரத்துல இருநூத்திப் பதினேழு தடவை வேற வேலை தேடியிருக்கீங்க! உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணலாமாம்மா?” என்று தாள்கட்டை மேசைமீது போட்டார் மேலாளர்.

எதிரே நின்றவரை அலுவலகத்தில் அனைவரும் எட்டுமணி அக்கா என்றே அழைப்பர். ஒன்பதுக்குத் தொடங்கும் அலுவலகத்திற்கு எட்டு மணிக்கே வந்து, சன்னல்களைத் திறந்து, கணினியின் முன் அமர்ந்துவிடுவார். பதினாறு ஆண்டுகளில் இவ்வழக்கம் பிறழ்ந்ததில்லை. இன்றோ, அவரை வேலையினின்று நீக்கும் ஆணை மேலாளரின் கையொப்பத்திற்காகக் காத்திருந்தது.

“நான் தேடவே இல்லை சார்.”

“தலைமை அலுவலகத்துப் பட்டியல் பொய் சொல்லுமா? செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு மட்டும் பதினோரு தடவை!”

“அன்னைக்கு மதியமே பல்லைப் பிடுங்கப் போயிட்டேனே! லீவு லெட்டர்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?”

மேலாளர் அந்த விடுப்புக் கடிதத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். நெட்வொர்க் பொறியாளர் வரவழைக்கப்பட்டார். அவர் அரைமணி நேரம் கணினியைக் குடைந்துவிட்டு நிமிர்ந்தார்.

“அக்கா மேல தப்பில்லை சார். இன்டர்நெட்டுக்குப் போற வழியில ரெண்டு ப்ராக்ஸி இருக்கு. ரெண்டு வாசல்னு வெச்சுக்குங்க, இங்கே ஒண்ணு, தலைமை அலுவலகத்துல ஒண்ணு. நம்ம வாசல்ல ஒவ்வொருத்தரும் பேர் சொல்லித்தான் நுழையறோம். ஆனா இங்கிருந்து தலைமை அலுவலகத்து வாசலுக்கு ஒரே இணைப்பு. காலையில திறந்தா சாயங்காலம்வரை மூடாது. முதல்ல யார் பேர்ல திறந்துச்சோ, அப்புறம் போற எல்லாரையும் அந்தப் பேர்லயே அங்கே எழுதிக்குது.”

“அடப்பாவமே, சீக்கிரம் வந்ததா குத்தம்?”

“ஊர்ப் பழியெல்லாம் உங்க தலையில விடிஞ்சிருக்கு அக்கா. இனிமே அவங்கவங்க பேரும் கூடவே போகும், மாத்திட்டேன்.”

மேலாளர் ஆணையை நான்காகக் கிழித்தார். “மன்னிச்சுக்கும்மா. சரி, சரி, போய் வேலையைப் பாருங்க” என்று அவசரமாக எழுந்தார்.

அக்கா அசையவில்லை. “அப்போ அந்த இருநூத்திப் பதினேழும் யாரோடது தம்பி? நம்ம வாசல்ல பதிவாகியிருக்குமே?”

பொறியாளர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் விசிறியைப் பார்த்தார்.

“எல்லாரோடதும்தான் அக்கா. என்னுது ஒம்பது. சாரோடது நாப்பத்தொண்ணு. உங்களுது மட்டும்தான் ஒண்ணுகூட இல்லை.”

“எல்லாருமா? ஏன்?”

“அடுத்த மாசம் இந்த ஆபீஸையே மூடப் போறாங்களே! உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் பொறியாளரின் அருகே போட்டு அமர்ந்தார்.

“தம்பி, நீங்கள்லாம் தேடுற அந்தப் பக்கத்தை எனக்கும் கொஞ்சம் திறந்து காட்டுங்க.”