காற்றோட்டம்

“அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல எதை மாத்தினா கேம் நல்லா ஓடும்டா?” என்று அக்கா கேட்டதும் தம்பி உஷாரானான்.

கடையின் கண்ணாடி அலமாரியில், அவள் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, அந்த கிராஃபிக்ஸ் கார்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே அவன் இதுவரை மூன்று முறை இந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறான். அதைப் போட்டால் எந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரும் குதிரையாகிவிடும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நாளில், ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். கல்யாணமாகிப் போன அவள் வீட்டில் ஒன்று, அவன் வீட்டில் ஒன்று. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டு வீட்டுக்கும் நடுவே கார் பந்தயம்.

இன்றுவரை அவன் ஒரு பந்தயத்தில்கூடத் தோற்றதில்லை. சின்ன வயதில் கேரம், செஸ், ஓட்டம், பரீட்சை மார்க் என்று எல்லாவற்றிலும் அவளிடம் தோற்று மூக்குடைபட்டவன். உலகத்தில் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே பெருமை அதுதான்.

அந்தப் பெருமைக்கும் ஒரு மாதமாக ஆபத்து.

அக்கா லேபில் ரத்தம் எடுப்பவள். ஊசி பிடித்த கை, ஸ்டியரிங்கிலும் அசையாது. போன ஞாயிறு அவன் அரை விநாடியில்தான் தப்பித்தான். வளைவு வரும்போதெல்லாம் அவன் திரையில் படம் விக்கி விக்கி ஓடுகிறது. ஒரே மாதிரி கம்ப்யூட்டர்தானே, அவள் திரையும் அப்படித்தான் விக்கும். விக்குகிறவரைக்கும்தான் அவனுக்கு வாழ்வு.

அவன் ஆபீஸ் ஆபீஸாகப் போய் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவன். அதனால் குடும்பத்துக்கே அவன்தான் கம்ப்யூட்டர் மேதை. அவன் சொன்னால் அக்காவுக்கு வேதவாக்கு.

“இந்தக் கார்டு எப்படி?” அவள் விரல் நேராக அங்கேதான் போனது.

“ஐயோ, அது வேஸ்ட்டுக்கா. சும்மா சூடு ஏறும், அவ்வளவுதான்.”

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

ராம் கூட்டலாமா என்றாள். ஆளில்லாத வீட்டுக்கு எதற்கு மாடி என்றான். புது எஸ்எஸ்டி போட்டால் கேம் சீக்கிரம் திறக்குமாமே என்றாள். திறந்து என்ன, ரயிலா பிடிக்கப் போகிறோம் என்றான். பிராசஸர்? அதை மாற்றினால் மதர்போர்டையும் மாற்ற வேண்டும், அப்புறம் பாதிக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றான். சொன்னதிலேயே அது ஒன்றுதான் உண்மை. பழக்கம் விட்டுப்போனதாலோ என்னவோ, அப்போது மட்டும் குரல் தடுமாறியது.

“அப்ப எதைத்தான் மாத்தறது?”

அவன் கடையின் மூலையைக் கை காட்டினான். அங்கே ஒரு காலி கம்ப்யூட்டர் கேபினெட் நின்றது. பக்கவாட்டில் முழுக்கக் கண்ணாடி. முன்னால் மூன்று ஃபேன், பின்னால் ஒன்று. நான்கும் சிவப்பு, பச்சை, ஊதா என்று மாறி மாறி மின்னிக்கொண்டிருந்தன. பழைய சாமானை அதற்குள் மாற்றி வைத்தால் வேகம் மயிரிழைகூட ஏறாது. பார்க்க மட்டும் சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கும்.

“பெட்டியை மாத்துக்கா. காத்தோட்டம்தான் முக்கியம். உள்ள இருக்கிறது எல்லாம் மூச்சு விட வேணாமா?”

அக்காவின் காதில் இவ்வளவு பெரிய பூவை அவன் இதுவரை சுற்றியதில்லை. அவள் மறுபேச்சு இல்லாமல் தலையாட்டியபோது, பாவமாகக்கூட இருந்தது. ஞாயிற்றுக்கிழமையை நினைத்ததும் அது சரியாகிவிட்டது. மனசுக்குள் விசிலடித்தான்.

“சரிங்க, இதையே குடுங்க,” என்று அக்கா கடைக்காரரிடம் சொன்னாள். “கிஃப்ட் பேப்பர் சுத்திடுங்க.”

கிஃப்ட் பேப்பரா?

அவன் திரும்புவதற்குள் அவள் அவன் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். “நாளைக்கு உன் பொறந்தநாள்டா, மக்கு! கம்ப்யூட்டர் வளைவுல விக்குதுன்னு வாராவாரம் புலம்புறியே. பாவம், உனக்குப் புதுசா ஏதாவது போட்டுக் குடுப்போம்னு நினைச்சேன்.”

 இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று உண்மையாகவே நெகிழ்ந்துபோனான். நெகிழ்ந்த கையோடு, அலமாரியில் இருந்த கார்டையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டான்.

“அக்கா... அந்தக் கார்டை வேணும்னா இன்னொரு தடவை...”

“அதான் வேஸ்ட்டுன்னுட்டியே. நல்லவேளை, உன்னைக் கேட்டேன். உனக்கு அதைத்தான் வாங்கணும்னு வந்தேன். போன மாசம் மாமா எனக்கு அதையேதான் வாங்கிப் போட்டாரு. என்னமோ நல்லா ஓடுற மாதிரிதான் இருக்கு. ஆனா உனக்குத் தெரியாததா?”

கடைக்காரர் செலோடேப் தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் குனிந்தார். அவர் முதுகு குலுங்கியது. அதைப் பார்த்துத் தம்பிக்கும் சிரிப்பு பீறிட்டது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.

“என்னடா ஆச்சு?” என்றாள் அக்கா.

அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. செஸ் ஆடும்போது, அவனுடைய ராணியை அவள் வெட்டுவதற்கு முந்தின விநாடியிலும் அந்த முகம் இப்படித்தான் இருக்கும்.