ஒன்று புள்ளி ஐந்து

"0.8னு போட்டிருக்கே, இது நல்லதாம்மா, கெட்டதா?"

கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றவர் கேட்டதும், ரத்தம் எடுக்கும் பெண்ணுக்குச் சலிப்பாக வந்தது. காலையிலிருந்து நாற்பது பேருக்கு ஊசி குத்தி, நாற்பது பேரிடமும் இதே பாட்டைப் பாடியாயிற்று. போதாக்குறைக்குக் கால் வேறு கடுத்தது.

"நல்லதுதாண்ணே. கிரியாட்டினின்னா தசையில உண்டாகுற கழிவு. கிட்னி அதை வடிகட்டி வெளியே தள்ளிடும். தள்ளலைன்னா ரத்தத்துல ஏறும். 1.1 வரைக்கும் பயமில்லை. யாரோடது?"

"என் சம்சாரத்தோடது. அடுத்த வாரம் இன்னொரு தடவை எடுக்கணுமாம். அதைப் பார்த்துட்டு டாக்டர் முடிவு சொல்லிடுவார்."

சம்சாரம் பின்னால்தான் நின்றிருந்தாள். தோளில் பை, கையில் குடை, கக்கத்தில் கோப்பு. கல்லைத் தின்றாலும் செரித்துவிடும் போலிருந்தாள். இவரோ முகம் வீங்கி, சுவரைப் பிடித்தபடி நின்றார். கவலை மனுஷனை இப்படியா படுத்தும் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, கிட்னி நல்லா இருந்தும் இந்த எண் ஏறுமா?"

"ஏறும். முந்தின நாள் கறியை ஒரு பிடி பிடிச்சா ஏறும். தண்ணி சரியா குடிக்கலைன்னா ஏறும். நாள் பூரா பாரம் தூக்கினா ஏறும். உடம்பை ஏத்தணும்னு பசங்க பால்ல ஒரு பவுடரைக் கலந்து குடிக்கிறாங்களே, அதுலயும் ஏறும்."

"எத்தனை நாளைக்கு முன்னாடி இதையெல்லாம் கவனிக்கணும்?"

"ரெண்டு மூணு நாள். ரொம்பப் பயப்படாதீங்கண்ணே."

"பயமாத்தான் இருக்கும்மா. இருபத்தாறு வருஷம். அவளுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும் மனசு இளகியது. அவள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். இவள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தால், 'அப்போ சாப்பாடு?' என்று கேட்கிற ரகம். இப்படியும் ஒரு புருஷன் வாய்க்கிறானே என்று ஏக்கமாகவே இருந்தது.

அடுத்த வாரம் முடிவு வந்தது. 1.5. அந்தப் பெண் நம்ப முடியாமல் இரண்டு தடவை பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் டாக்டர் அறையிலிருந்து திரும்பி வந்தார்கள். அந்த அம்மாள் அழுதுகொண்டே வந்தாள்.

"பாவி உடம்பு! இத்தனை வருஷம் ஒரு தலைவலின்னு படுத்திருப்பேனா? இப்போ பார்த்துத்தானா காலை வாரணும்?"

"அழாதேடி. போய் முகத்தைக் கழுவிட்டு வா."

அவள் போனதும் ரத்தம் எடுக்கும் பெண் எழுந்து வெளியே வந்தாள். ஏதாவது ஒரு வழி இருக்காதா என்று தவிப்பாக இருந்தது.

"அண்ணே, ஒருவேளை இது கிட்னி கோளாறா இல்லாமகூட இருக்கலாம். நான் அன்னிக்குச் சொன்னேனே, கறி, தண்ணி, பவுடர்னு... அதுல எதையாவது கோட்டை விட்டுட்டீங்களா?"

"ஒண்ணையும் விடலைம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். மனைவி போன பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மூணு நாளும் கறி வாங்கிப் போட்டேன். பரண் சாமானையெல்லாம் இறக்கி ஏத்தச் சொன்னேன். பவுடரைப் பால்ல கலந்து என் கையாலயே கொடுத்தேன்."

"ஐயோ, ஏண்ணே இப்படிப் பண்ணீங்க?"

"கெட்டுப்போனது என் கிட்னிம்மா. அவளோடதுல ஒண்ணை எனக்குக் கொடுத்தே தீருவேன்னு நின்னா. வேண்டாம்னு வாயால சொல்லி அவகிட்ட நான் என்னிக்கு ஜெயிச்சிருக்கேன்?"