தொப்பிக்காரரின் முதல் வெற்றி

"அவ எங்க இருந்தாலும் சரி, தலைமுடியைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும் சார்!"

காணாமல் போன பெண்ணின் அண்ணிக்காரி மேசையில் ஓங்கித் தட்டியதில் பூதக்கண்ணாடி உருண்டு கீழே விழப் போனது. துப்பறிவாளர் பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் இருந்த அவள் புருஷன், மரச்சாமான் கடை முதலாளி, அவரை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. இந்த மனிதர் என்னடாவென்றால் முழங்கால் வரை கோட்டு, கறுப்புத் தொப்பி. வாயில் பற்றவைக்காத சிகரெட். புகை ஒத்துக்கொள்ளாதாம். முகத்தில் கோடு கோடாக வெளிச்சம் விழவேண்டும் என்று ஜன்னலை வேறு பாதி சாத்தி வைத்திருந்தார்.

"போலீசுக்குப் போனா மானம் போயிடும், சரி. அதுக்காக இந்த ஆளா?" என்று மனைவியின் காதைக் கடித்தார் முதலாளி.

"நாலு இடம் விசாரிச்சுட்டுத்தாங்க வந்திருக்கேன். இந்தக் கேஸுக்கு இவர்தான் சரி."

துப்பறிவாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தெருவில் அவருக்குத் தொப்பிக்காரர் என்றுதான் பேர். துப்பறிவாளர் என்று கட்டின மனைவிகூடச் சொன்னதில்லை. சொல்கிற மாதிரி எதைத்தான் கண்டுபிடித்தார்? காணாமல் போன நாய் தானாக வீடு திரும்பியது. தொலைந்த சங்கிலி தலையணைக்கு அடியில் கிடைத்தது, அதுவும் இவர் தேடிவிட்டுப் போன பிறகு.

விஷயம் இதுதான். முதலாளி தன் தங்கையைக் கடையின் கூட்டாளிக்கு நிச்சயம் பண்ணியிருந்தார். மாப்பிள்ளைக்கு அண்ணனைவிட வயசு அதிகம். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த அன்று பெண் எஸ்கேப்.

பெண்ணின் போட்டோவை வாங்கிக்கொண்டு தொப்பிக்காரர் உடனே வேட்டையில் இறங்கினார். பஸ் நிலையத்தில் முறுக்கு மீசையும் நீளமான கறுப்புப் பையுமாக ஒருத்தன் நின்றான். பார்த்த மாத்திரத்திலேயே வில்லன் என்று தெரிந்தது. கறுப்பு வெள்ளைப் படங்களில் இவனைப் போல எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

அவன் ஒரு தொழிற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்தான். பையைத் திறந்தான். ஸ்பேனர்களை எடுத்து அடுக்கிவிட்டுப் பாடம் நடத்த ஆரம்பித்தான். அட, வாத்தியார்!

சரி, வழக்கம்போல அசடு வழிந்தாயிற்று என்று திரும்பப் போனவர், அப்படியே நின்றுவிட்டார். முன் வரிசையில் நீல உடுப்பும் கையெல்லாம் கிரீஸுமாக, போட்டோவில் இருந்த அதே பெண்!

தொப்பிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்தால் புரியுமா பின்னே!

இடைவேளையில் அவளைப் பிடித்து, வந்த விஷயத்தைச் சொன்னார்.

"லிஃப்ட் ரிப்பேர் படிக்கிறேன் சார். பாஸ் பண்ணிட்டா வேலை நிச்சயம். அப்புறம் என்னை யாரும் அசைக்க முடியாது. அதுவரைக்கும் அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. இழுத்துட்டுப் போய் அந்த ஆளுக்கே கட்டிவெச்சுடுவாரு."

"நீ நல்லா இருக்கணும்மா. ஆனா எனக்கு இது முதல் வெற்றி. சொல்லலேன்னா என் தலையே வெடிச்சிடும்."

அந்தப் பெண் அழுதாள். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. என்ன செய்வது, தொழில் என்று ஒன்று இருக்கிறதே!

நேராக முதலாளி வீட்டுக்குப் போனார். அண்ணிக்காரிதான் கதவைத் திறந்தாள்.

"அவர் குளிக்கிறார். என்ன சார், கிடைக்கலதானே?"

"கிடைச்சிட்டா!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி மனுஷா! குடியைக் கெடுத்தீங்களே! அவளை பஸ் ஏத்தி அனுப்பினதே நான்தான். யாரையாவது வெச்சுத் தேடாம இவர் ஓயமாட்டார்னு தெரிஞ்சு, அலையா அலைஞ்சு விசாரிச்சு, இதுவரைக்கும் ஒண்ணைக்கூடக் கண்டுபிடிக்காத ஆள்னு உங்களைப் பொறுக்கி எடுத்தேனே! இப்பதானா உங்களுக்கு மூளை வேலை செய்யணும்?"

தொப்பிக்காரரின் வாயிலிருந்து சிகரெட் நழுவி விழுந்தது. அவமானம் பிடுங்கித் தின்றது. வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி எவனும் அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டான். அந்தப் பெண்ணின் அழுத முகமும் கூடவே கண் முன்னால் வந்து தொலைத்தது.

முதலாளி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "என்னய்யா, ஆள் கிடைச்சாளா?"

அண்ணிக்காரி புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்று கும்பிட்டாள்.

"இல்ல சார்," என்றார் தொப்பிக்காரர். "எங்க தேடியும் கிடைக்கல."

"எனக்கு அப்பவே தெரியும்யா, உன் லட்சணம்! தொப்பி போட்டவனெல்லாம் துப்பறிவாளனா? நாளைக்கே கைதேர்ந்த ஆளா ஒருத்தனை வெச்சு அவளைப் பிடிக்கிறேனா இல்லையா பாரு!"

"நல்ல ஆள் ஒருத்தர் இருக்கார் சார். முப்பது வருஷ அனுபவம். அவர் முன்னாடி நானெல்லாம் தூசு." கோட்டுப் பையிலிருந்து ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து நீட்டினார். முதலாளி வெடுக்கென்று வாங்கிக்கொண்டு, அப்போதே போன் போட உள்ளே போய்விட்டார்.

அண்ணிக்காரிக்குப் பாதி உயிர் போய்விட்டது. "காப்பாத்துற மாதிரி காப்பாத்திட்டு, கடைசியில கழுத்தை அறுத்துட்டீங்களே சார்!"

தொப்பிக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்கம்மா. எனக்குத் தொழில் கத்துக்கொடுத்ததே அவர்தான்."