துக்க மணியின் கடவுச்சொல்

இராயப்பருக்கு அன்று விடியப்புறம் ஊரில் ஒரு சாவு விழுந்தே ஆகவேண்டியிருந்தது.

ஆரையும் கொல்லுகிற அளவுக்கு மனுசன் பொல்லாதவரில்லை. கோயிலில் துக்க மணி அடித்தால் போதும். அந்த மணி கேட்டால் அந்தக் கரையில் ஒருவரும் கடலில் வலை போடமாட்டார்கள். எல்லாரும் கோயில் முற்றத்தில் கூடி, போனது ஆரென்று அறிந்து, அடக்கம் முடியும்வரை தொழிலுக்கு இறங்கவே மாட்டார்கள். அப்படியொரு கட்டுப்பாடு.

இராயப்பரோ ஊரிலேயே எஞ்சின் இல்லாத ஒரே ஆள். இருந்தது ஒரு தெப்பமும் துடுப்பும்தான். மழை விட்டு முகத்துவாரத்தில் இறால் ஏறுவது வருசத்தில் ஓரிரு நாள். அவர் துடுப்பு வலித்துப் போய்ச் சேருமுன், எஞ்சின் படகுகள் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வந்துவிடும்.

"அத்தான், நீங்கள் வந்து சேருறதுக்குள்ள இறால் பேரப்பிள்ளையும் கண்டிடும்!" என்று முதல்நாளும் மனைவியின் தம்பி அமலதாஸ் கரை முழுக்கக் கேட்கப் பகிடி விட்டான். பக்கத்தில் நின்ற அவர் மனுசி அருளம்மாவும் சிரித்துவிட்டா. அந்தச் சிரிப்புத்தான் மனுசனுக்குச் சுட்டது.

"நாளைக்கும் வெறுந்தெப்பமாய் வந்தனெண்டால், வலையைக் கொளுத்திப்போட்டு மேசன் வேலைக்குப் போறன். அந்தோனியார் மேல சத்தியம்!" என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகு திருப்பி எடுக்கவா முடியும்?

மணிக்கோபுரத்தில் ஏற இப்போது ஊரில் ஆளில்லை. கோயில் காரியம் பார்க்கிற மூப்பரின் மகன், பிரான்சிலிருக்கும் யூட்சன், போன வருசம் வந்தபோது, மணிக்கு மோட்டர் பூட்டி, பங்குமனையில் ஒரு கொம்பியூட்டரையும் வைத்துவிட்டுப் போனான். அதற்குள் ஒரு புரோகிராம் இராப்பகலாய்க் காது கொடுத்துக்கொண்டிருக்கும். எங்கே நின்றும் போனில் கடவுச்சொல்லை அடித்து, கீழே கட்டளையையும் அடித்தால் சரி, சொன்னதைச் செய்யும். 'நீ ஆர், ஏன்' என்ற கேள்வியே அதனிடம் கிடையாது. கடவுச்சொல் தெரிந்தது கோயில் பாதருக்கும் மூப்பருக்கும் மட்டும்.

மூப்பருக்குக் கொஞ்சம் மறதி. அதனால் பின்னேரம் செபமாலை முடித்து, புனிதர்களின் பிரார்த்தனையும் முடித்து, கடைசியில் கடவுச்சொல்லையும் ஒருதரம் சத்தமாய்ச் சொல்லிவைப்பார்.

"கறுத்தக்கணவாய் எழுபத்திரண்டு!"

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று, புனிதர் பேருக்கெல்லாம் சொல்லிப் பழகிய தோசத்தில் அவர் மனுசி பதில் சொல்லுவா.

வேலிக்கு இந்தப் பக்கம் இராயப்பரும் சிலுவை போட்டுக்கொண்டு பாடமாக்கிவிட்டார்.

பாதர் மன்னாருக்குத் தியானத்துக்குப் போயிருந்தார். மணி அடித்தால், பாதர்தான் அங்கிருந்து அடிக்க விட்டார் என்று மூப்பர் நினைப்பார். மூப்பர்தான் அடித்தார் என்று பாதர் நினைப்பார். செத்தது ஆரென்று இரண்டு பேரும் போனில் பிடுங்குப்பட்டு முடிய, இறால் கூடைக்குள் வந்துவிடும்.

கிழக்கு வெளுக்க, ஒருவரும் காணாமல் தெப்பத்தைத் தள்ளினார். முகத்துவாரத்தடிக்கு வந்ததும் மகளின் போனைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்து, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாய் அடித்தார். கடவுச்சொல். அதன் கீழே, 'துக்க மணி'.

'சரி' என்று மறுமொழி வந்தது.

கொஞ்ச நேரத்தில், தூரத்தில் மணி விட்டுவிட்டு அடித்தது. "செத்த ஆத்துமம் இளைப்பாறட்டும், ஆண்டவரே" என்று அடிக்க வைத்தவரின் வாயே தன்பாட்டில் சொல்லிவிட்டது.

கரையில் ஒரு எஞ்சினும் முனகவில்லை. வலையை விட்டார். முதல் இழுப்பிலேயே இறால் தெப்பமெல்லாம் துள்ளியது. இனி அமலதாஸ் பகிடி விடட்டும் பார்ப்பம்!

இரண்டாந்தரம் வலையை எடுக்கத்தான் எஞ்சின் சத்தம் கேட்டது. ஒன்றில்லை, ஊர்ப் படகு முழுக்க வந்துகொண்டிருந்தது. முன்படகில் அருளம்மா தலைமயிரை விரித்துப் போட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டு இருந்தா.

'பிடிபட்டுப் போனன். இவளுக்கு மானம் போன கவலை' என்று இராயப்பர் தெப்பத்தைக் கரையோரக் கண்டல் மரங்களின் மறைவுக்குள் தள்ளிக்கொண்டு குந்தினார்.

ஆனால் வந்தவர்கள் கள்ளனைத் தேடுகிறவர்கள் மாதிரி இல்லை. முகத்துவாரத்தை வளைத்து நின்று, ஒரு முழம் இடம் விடாமல் வலைகளை இறக்கினார்கள். இழுக்க இழுக்க இறால் அள்ளுகொள்ளையாய் ஏறியது. அவ்வளவும் இராயப்பரின் இறால்!

மனுசனுக்குப் பயம் போய்க் கோபம் உச்சியில் ஏறியது. கண்டலை விலக்கிக்கொண்டு தெப்பத்தில் எழும்பி நின்று கத்தினார்.

"டேய் அமலதாஸ்! துக்க மணி அடிச்ச நாளில வலை போடுறியளே, வெக்கமில்லையோடா? செத்த ஆளுக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?"

அருளம்மாவின் ஒப்பாரி பாதியில் நின்றது. மூப்பர் படகுக்குள் பொத்தென்று குந்திவிட்டார். அமலதாஸ் வலைக்கயிற்றைக் கைவிட்டு, மெல்லச் சிலுவை போட்டான்.

"ஆர் அத்தான் இறாலுக்கு வலை போட்டது? கோயிலடியில ஊர் முழுக்க நிண்டது, உங்களையும் தெப்பத்தையும் மட்டுந்தான் காணேல்லை. நாங்கள் உங்கட பிரேதத்தை எடுக்கவெல்லோ வந்தனாங்கள்!"