போறேன்னு ஒரு வார்த்தை

"போறவ, போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவா?"

காலையிலிருந்து ஏழாவது முறையாகக் கேட்டார் கணவர். வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் அவருக்கு ஆபீஸ். ஒரு லேப்டாப், இரண்டு திரை, நாலு ஒயர். மனைவிக்கு மிஞ்சியது மேசையின் ஒரு மூலை. அதில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அந்தப் போறவ?"

"ஆளைச் சொல்லலை. ப்ரோக்ராமைச் சொல்றேன். அந்தப் பொண்ணு எழுதினது."

அந்தப் பொண்ணு அவருக்குக் கீழே வேலை செய்பவள். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டரைப் பார்க்க நேரம் பதிவு செய்யும் செயலி இவர்கள் இருவரின் கைவண்ணம். நோயாளியின் போனில் ஓடும் பாதி அவள் எழுதியது. ஆஸ்பத்திரி சர்வரில் ஓடும் பாதி இவர் எழுதியது. ஒரு வாரமாகப் பகல் பதினொரு மணியானால் சர்வர் வாயைத் திறப்பதில்லை. கண் சரியாகத் தெரியாதவர்கள் போனை மூக்கருகில் வைத்துத் தட்டித் தட்டி ஓய்ந்துபோகிறார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இவரைப் பிடித்து உலுக்குகிறார்கள். இவர் அவளை உலுக்குகிறார்.

அப்படி என்னதான் தப்பு என்று மனைவி கேட்டாள். இவளுக்குப் புரியாது என்ற நிச்சயத்தோடு அவர் விளக்கினார்.

"போன்ல பேசற மாதிரிதான். பேசி முடிச்சதும் அவ 'வெச்சுடறேன்'னு சொல்லணும். உடனே நாமளும் வைக்கணும். அவ சொல்லாமலே போயிட்டா நம்ம லைன் சும்மா திறந்து கிடக்கும். மொத்தம் ஆயிரம் லைன்தான். பதினோரு மணிக்குள்ள எல்லாம் அடைச்சுக்குது."

"அவ வெச்சுடறேன்னு சொல்லியும் நாம வைக்கலைன்னா?"

"நாம எப்படி வைக்காம இருப்போம்? அது நான் எழுதினதும்மா."

தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு அவர் திறந்துபோட்டு வந்த ஃபிரிட்ஜ் கதவை எழுந்து போய்ச் சாத்திவிட்டு வந்தாள் மனைவி.

பத்தரைக்கு அந்தப் பொண்ணைக் கூப்பிட்டார். வீடே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். வளர்ப்பு சரியில்லை என்பது ஒன்றுதான் பாக்கி, மற்றதெல்லாம் சொன்னார். அவள் முடியும்வரை கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"சார், சர்வர்ல திறந்து கிடக்கிற லைன் எல்லாத்தையும் பட்டியல் எடுத்து அனுப்பியிருக்கேன். ஒவ்வொரு வரியிலயும் ஒண்ணேதான் இருக்கு சார். 'அந்தப் பக்கம் முடிச்சாச்சு, இந்தப் பக்கம் மூடலை.' ஒரு தடவை பார்த்துடுங்க."

"எனக்கே வகுப்பு எடுக்கறியா?"

"இல்ல சார். அப்புறம் என் ராஜினாமா... திங்கக்கிழமை புது இடத்துல சேரணும். இன்னிக்கு வெள்ளி. நீங்க சரின்னு சொன்னாத்தான் இங்க விடுவாங்க, இல்லைன்னா அங்க இடம் போயிடும் சார்."

"தப்பை வெச்சுட்டு ஓடறவங்களை எல்லாம் விட முடியாது. முதல்ல இதை முடி."

வழக்கம்போல அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டித்தார்.

பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பட்டியலைத் திறந்தார். மேலிருந்து கீழே போனார். கீழிருந்து மேலே வந்தார். காது மடல் சிவந்தது. தான் எழுதியதைத் திறந்து, ஓரிடத்தில் ஒரே ஒரு வரி சேர்த்தார். நாலு நிமிஷ வேலை. சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினார்.

பதினொன்று அடித்தது. பன்னிரண்டும் அடித்தது. சர்வர் சமர்த்தாக ஓடியது.

"அப்ப தப்பு யாருதுங்க?"

"யாருதுங்கறது இப்ப முக்கியமில்ல. டீம்னா எல்லாரும் சேர்ந்துதான்."

பத்தரை மணிக்கு எங்கே போயிருந்தது இந்த டீம் என்று மனைவி கேட்கவில்லை. கத்தி வெள்ளரிக்காயில் கொஞ்சம் அழுத்தமாக இறங்கியது.

மேலதிகாரி போன் செய்தார். இணைப்பு மூடுகிற இடத்தில் சின்னப் பிசகு, தானே உட்கார்ந்து சரிசெய்துவிட்டதாகக் கணவர் சொன்னார். பிசகு யாருடையது என்று அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பாராட்டு வந்தது. 'என் கடமைதானே சார்' என்று நெளிந்து வாங்கிக்கொண்டார். அந்தப் பொண்ணின் ராஜினாமா பற்றிக் கேட்டதற்கு, அதை நான் பார்த்துக்கறேன் என்றார்.

"பாவம், அவளை விட்டுடுங்களேன்" என்றாள் மனைவி.

"அவ போயிட்டா, அடுத்த தடவை ஏதாவது வந்தா யாரைக் கேட்கறது?"

கேட்பதாம். அவர் அகராதியில் திட்டுவதற்கு அதுதான் பெயர்.

மேசையில் போன் அதிர்ந்தது. எடுத்தார், படித்தார், கவிழ்த்து வைத்தார். சாப்பாடு போடச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மனைவி போனைத் திருப்பிப் பார்த்தாள். திங்களிலிருந்து அந்தப் பொண்ணு அனுப்பியவை நாலு. நாலையும் படித்திருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியாக வந்தது இது:

"சார், லைன் எல்லாம் ஒழுங்கா மூடுது, பார்த்தேன். சந்தோஷம். நான் போறேன் சார். சரின்னு ஒரே ஒரு வார்த்தை அனுப்பிடுங்க."