மேம்பாலத்து ராஜா

கடைக்குக் கிளம்பும்போது செல்போனைத் திறந்த ஃபவாஸுக்கு முகம் தொங்கிப்போனது. மேம்பால ஏற்றத்தில் அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த கிரீடத்தை, கூட சைக்கிள் ஓட்டுகிற ஜெரி தட்டிக்கொண்டு போயிருந்தான்.

திருவொற்றியூரில் மலைக்கு எங்கே போவது? மேம்பாலம்தான் மலை. யார் வேகமாக ஏறினார்கள் என்று சைக்கிள் ஆப் வரிசைப்படுத்தும், முதலில் வருபவனுக்குக் கிரீடம். அதை வைத்துக்கொண்டு ஃபவாஸ் வண்ணாரப்பேட்டையில் மாமனார் கடை வரைக்கும் பீற்றியிருந்தான்.

அந்தக் கிரீடம் வந்த லட்சணம் அவனுக்கு மட்டும்தான் தெரியும். கண்டெய்னர் லாரியின் பின்சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறி வாங்கியது அது. நினைத்தால் வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விட மனசில்லை.

ஜெரியோ தொப்பையைத் தூக்கிக்கொண்டு, பாதிப் பாலத்தில் இறங்கித் தள்ளுகிறவன். அவன் போன தடத்தை ஃபவாஸ் நோண்டிப் பார்த்தான். பாலத்தடி வரைக்கும் ஆமை வேகம். அங்கே வெகுநேரம் அசையாமல் நின்றிருக்கிறான். அப்புறம் ராயபுரம் தாண்டும்வரை ஒரே பறப்பு.

யாருடைய பைக்குக்காகவோ காத்திருந்திருக்கிறான், கள்ளன். ஃபவாஸ் உடனே ஆப்பில் புகார் தட்டினான். எல்லாரும் பார்க்கட்டும் என்று ஜெரியின் சவாரிக்குக் கீழே, ‘எந்த வண்டில ஏறின மாமு?’ என்றும் எழுதிவைத்தான்.

சாயங்காலத்துக்குள் ஜெரியின் பெயர் பட்டியலிலிருந்து போய், கிரீடம் திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்க்கவே கூசியது. தானும் அதே காரியத்தைச் செய்தவன்தானே? ஜெரியிடமாவது உண்மையைச் சொல்லி, இரண்டு பேருமாகச் சிரித்துத் தீர்த்துவிடலாம் என்று போன் போட்டான்.

எடுத்தது ஜெரியின் மனைவி சுஜா.

“இன்னா சுஜா, தோஸ்து என்மேல கோச்சுகினு கீறானா?” என்று அசடு வழிந்தான் ஃபவாஸ்.

“அவரால இப்ப பேச முடியாதுண்ணா.” அவள் குரல் கம்மியிருந்தது. “காலைலேர்ந்து போனு என்னாண்டதான் கீது. அந்த சைக்கிள் ஆப்பு பாட்டுக்கு ஓடிகினே இருந்துச்சு, நான்தான் நிறுத்துனேன். அதுல நீங்க ஒருத்தர்தான், எந்த வண்டில ஏறினாருன்னு அக்கறையா கேட்டுக்கீறீங்க.”

ஃபவாஸ் போனைக் காதோடு சேர்த்து அழுத்தினான்.

“நூத்தியெட்டுலதாண்ணா ஏத்தினு போனாங்க.”