ஒரு சொல்லும் தொலையாது

என் காதுக்கருவி ஒரு சிஸ்டம், என் மனைவி கோமளாவுடையது வேறு சிஸ்டம். ஒன்றில் இருப்பவர் பேசுவது மற்றதில் இருப்பவர் காதில் விழாது. ஆறு வருஷமாக வீட்டில் சைகைதான். பரதநாட்டிய அரங்கேற்றமே நடத்தலாம், அவ்வளவு தேறிவிட்டோம்.

போன வாரம் பொற்கொடியைக் கூப்பிட்டோம். எந்தக் கம்பெனியிலும் சேராமல், ஊரில் இருக்கிற ஏழு சிஸ்டத்துக்கும் தனியாளாக மென்பொருள் எழுதுகிற பெண். அரைமணியில் இரண்டு கருவிகளையும் சேர்த்துவைத்துவிட்டாள்.

"பழசும் வந்துடும் சார். ஆறு வருஷமா நீங்க பேசி, அவங்களுக்குப் போகாததெல்லாம் வரிசையில நிக்குது. ஒரு சொல் தொலையாது, என் கேரண்டி!"

கேட்காது என்ற தைரியத்தில், கோமளா முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டே, அவள் சாம்பாரைப் பற்றி நான் பேசாத பேச்சில்லை.

"என்னுடையதை மட்டும் அழிச்சிடும்மா," என்று கெஞ்சினேன்.

"அழிக்கிறதா? அப்புறம் என் பேரு என்ன ஆகிறது சார்?"

கோமளாவிடமிருந்து எனக்கு வந்தது வெறும் 'சாப்பிட வாங்க'தான், நாலாயிரம் தடவை.

அவளோ நாலு நாளாக நாற்காலியை விட்டு எழவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறாள். "என்னங்க, கழனித்தண்ணியா?" என்று அவ்வப்போது நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் கேட்பதில் இன்னும் முதல் வருஷத் தீபாவளியே வரவில்லை.

சாம்பார் இப்போது நான்தான் வைக்கிறேன்.